மழை விட்டால் அனினி

அருணாச்சல மலையடிவார ஊரான ரோயிங்கில், ஷேர் ஜீப்பாக ஓடும் சுமோ வண்டிகளின் கவுன்டரில் இருந்தவரிடம், "அனினிக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேரும்?" என்று கேட்டேன். அவர் டிக்கெட் எழுதிக்கொண்டே, "மழை விட்டால் சாயங்காலம்" என்றார். "விடாவிட்டால்?" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். "வண்டி எங்கே நிற்கிறதோ, அங்கே."

பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் மதியம், வழியில் ஹுன்லி என்ற ஊரைத் தாண்டிய ஒரு வளைவில், எதிரே ரோடு இருக்கவேண்டிய இடத்தில் சேறும் பாறையும் வேரோடு சாய்ந்த மரங்களும் கிடந்ததைப் பார்த்தபோதுதான் அவர் சொன்னது உறைத்தது.

அனினி, அருணாச்சலப் பிரதேசத்தின் திபாங் பள்ளத்தாக்கு மாவட்டத் தலைநகரம். கடல்மட்டத்திலிருந்து 1,968 மீட்டர் உயரம். அதற்கு வடக்கே மலைகள், அப்புறம் திபெத். மாவட்டத்தின் பரப்பு 9,129 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 8,004 பேர். ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஓர் ஆள்கூடத் தேறாது. அந்தக் கணக்கெடுப்பில் இந்தியாவிலேயே மக்கள்தொகை மிகக் குறைந்த மாவட்டம் அதுதான். எங்கள் சென்னிமலை தைப்பூசத் தேரோட்டத்துக்கு ஒரு வீதியில் கூடும் கூட்டத்தை அந்த மாவட்டம் முழுக்கப் பரப்பி வைத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

அந்த ஊர்ப் பெயர் எனக்கு ஒரு ரயிலால் அறிமுகமானது. கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் ஈரோடு ஜங்ஷனில் நின்று போகிறது. 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற, நாட்டின் மிக நீளமான ரயில். கேரளாவிலும் நம் பக்கத்திலும் வேலை செய்யும் அசாம் பையன்கள் அதில் ஊர் திரும்புவார்கள். ஜன்னல் கம்பியில் துண்டு காயும். ஒருநாள் வேறு வண்டிக்காகக் காத்திருந்தபோது, இந்த ரயில் போய் நிற்கிற இடத்துக்கும் அப்பால் என்ன இருக்கிறது என்று மொபைலில் மேப்பைத் திறந்து பார்த்தேன். பிரம்மபுத்திராவின் கிளைகளைத் தாண்டி, ரோயிங்கைத் தாண்டி, ஒற்றைக் கோடாக வடக்கே ஏறிய ரோடு அனினிப் பக்கம் போய் மெலிந்துவிட்டது. அன்றைக்கே போவதென்று முடிவு செய்துவிட்டேன். கிளம்பியது இரண்டு வருடம் கழித்து, 2023 மார்ச் கடைசியில்.

நான் சென்னிமலை நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள். ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். கிடைத்த விடுப்பு 15 நாள். தனியாகப் போனேன். இதைப் போலப் போக நினைக்கிறவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, உதவும் என்றுதான் எழுதுகிறேன். ஆகவே நான் தவறு செய்த இடங்களையும் மறைக்கவில்லை.

முதலில் பெர்மிட். அருணாச்சலத்துக்குள் போக, வெளிமாநில இந்தியர்களுக்கும் இன்னர் லைன் பெர்மிட் வேண்டும். 1873-இல் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த ஒழுங்குமுறைச் சட்டம் இன்றும் அதற்கு அடிப்படை. ஆன்லைனில் விண்ணப்பித்தேன், அடையாள அட்டையும் போட்டோவும் போதுமாக இருந்தன. போகப்போகும் இடங்களை எழுதச் சொன்ன இடத்தில், போவேனோ மாட்டேனோ என்று இருந்த ஊர்களையும் சேர்த்து எழுதினேன். நான்கு பிரதி எடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டேன். நான்குமே வேண்டியிருந்தன. மொபைலில் காட்டிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். சார்ஜ் இல்லாத, சிக்னல் இல்லாத, மழை பெய்கிற இடத்தில்தான் அதைக் கேட்பார்கள்.

ஈரோட்டில் காலையில் ஏறினால், அசாமில் உள்ள நியூ தின்சுகியா வந்து சேர அறுபது மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அது தனிக்கதை. தின்சுகியாவில் ஒரு இரவு தங்கி, காலையில் ஷேர் சுமோவில் ரோயிங். வழியில் லோஹித் ஆற்றின் மேல் தோலா–சதியா பாலம், 9.15 கிலோமீட்டர் நீளம். 2017 மே மாதம் திறந்தார்கள். அதற்கு முன்னால் இந்த ஆற்றைப் படகில்தான் கடக்கவேண்டும். பக்கத்து சீட்டில் இருந்த அம்மா, பிரசவ வலி எடுத்த பெண்ணைப் படகுத்துறையில் வைத்துக்கொண்டு விடியும்வரை காத்திருந்த கதையைச் சொன்னார். பாலத்தைக் கடந்து முடிக்கிறவரை அவர் வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தார். அக்கரையில் சதியா. 1950 ஆகஸ்ட் 15 அன்று வந்த 8.6 அளவு நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த வெள்ளமும் பழைய சதியா நகரத்தை ஆற்றோடு கொண்டுபோய்விட்டன. மலைகள் அன்றைக்குச் சரிந்தது இன்றும் முழுதாக அடங்கவில்லை என்பதை அடுத்த சில நாட்களில் கண்ணால் பார்த்தேன்.

சாந்திபூர் கேட்டில் பெர்மிட் பார்த்தார்கள். மதியத்துக்குள் ரோயிங்.

ரோயிங்கில் செய்யவேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்கு மேல் கடை என்று நம்பிப் போக எதுவும் இல்லை. முதலில் சுமோ கவுன்டருக்குப் போய் அடுத்த நாளுக்கு சீட் போடவேண்டும். வண்டியில் டிரைவருக்குப் பக்கத்தில் இரண்டு பேர், நடுவில் நான்கு, பின்னால் நான்கு. தனியாக வரும் பெண் என்று சொல்லி முன் சீட் கேட்டால் பெரும்பாலும் கொடுக்கிறார்கள். குடலைப் பிரட்டும் ரோட்டுக்கும் அதுதான் நல்லது. வாந்தி வராமல் இருக்க அவோமின் மாத்திரையைக் கிளம்புவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் கம்பூட்ஸ். நான் நல்ல விலை கொடுத்து வாங்கிப்போன டிரெக்கிங் ஷூ முதல் நாளே ஊறிப்போய், ஊர் திரும்புகிறவரை காயவே இல்லை. அங்கே கூலி ஆளிலிருந்து ஆசிரியர்வரை போட்டிருப்பது முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ். ரோயிங் சந்தையில் கிடைக்கும். சேறு, அட்டை இரண்டுக்கும் அதுவே போதும். மூன்றாவது, பணம். நூறு ரூபாய்த் தாள்களாக. மேலே ஏடிஎம் இருந்தாலும் அதில் பணம் இருக்கும் என்று நம்பிப் போகக்கூடாது.

விடிகாலை ஐந்தரைக்கு வண்டி எடுத்தார்கள். நாட்டின் கிழக்கு விளிம்பு என்பதால் அந்த மாதத்தில் ஐந்து மணிக்கே நல்ல வெளிச்சம். சாயங்காலம் ஆறுக்கெல்லாம் இருட்டிவிடும், கடையும் மூடிவிடும். நம் கடிகாரப் பழக்கத்தை ரோயிங்கிலேயே விட்டுவிடவேண்டும். சுமோவின் கூரையில் அரிசி மூட்டை, உப்பு மூட்டை, காஸ் சிலிண்டர், மேலே தார்ப்பாய். உள்ளே ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கோழிக்குஞ்சுகள். அனினியில் ஒரு தட்டுச் சோறு சாப்பிடும்போது, அந்த அரிசி இப்படித்தான் சுமார் 230 கிலோமீட்டர் ஏறி வந்திருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

ரோயிங்கிலிருந்து 56 கிலோமீட்டரில் மாயோதியா கணவாய், 2,655 மீட்டர். அடிவாரத்தில் புழுங்கிய உடம்பு அங்கே நடுங்கியது. பனிக்கட்டி ஓரங்களில் அழுக்காகக் கிடந்தது. குளிர்காலத்தில் பனி விழுந்து இந்தக் கணவாய் அடைபடுவதுண்டு. கம்பளிச் சட்டையைக் கூரை மேலிருந்த பையில் வைத்துவிட்டு ஏறியது என் முதல் தவறு. வண்டியில் நமக்குக் கிடைப்பது மடி அளவு இடம்தான். கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு, தண்ணீர், மருந்து, டார்ச், ஒரு நாள் சாப்பாடு எல்லாம் அந்த மடியில் இருக்கவேண்டும். பெண்களுக்கு இன்னொன்று: பத்துப் பன்னிரண்டு மணி நேரப் பயணத்தில் கழிப்பறை என்று எங்கும் இல்லை. தண்ணீர் குடிக்காமல் இருந்து சமாளிக்காதீர்கள். நான் டிரைவரிடம் நேராகவே சொல்லிவிட்டேன். அவர் ஒரு வளைவில் நிறுத்திவிட்டு, ஆண்கள் எல்லோரையும் வண்டிக்கு முன்பக்கம் போகச் சொன்னார். யாரும் முகம் சுளிக்கவில்லை.

ஹுன்லியில் சாப்பிட்டுக் கிளம்பி அரை மணிதான் ஆகியிருக்கும். எதிரே இரண்டு லாரிகள் நின்றிருந்தன. அதற்கு அப்பால் மலை இறங்கி வந்திருந்தது.

நிலச்சரிவைப் போட்டோவில் பார்ப்பதும் பக்கத்தில் நின்று கேட்பதும் வேறு. மழை சத்தத்துக்குள் இன்னொரு சத்தம் இருந்தது. சின்னக் கற்கள் உருளும் சத்தம், தறியில் அச்சு அடிக்கிற மாதிரி விட்டு விட்டு. அது கேட்கிறவரை யாரும் கிட்டே போகவில்லை. டிரைவர் சிகரெட் ஒன்றைப் புகைத்து முடித்தார், சரிவின் உச்சியைப் பார்த்துக்கொண்டே. பிறகு வண்டியைத் திருப்பினார். விவாதம் எதுவும் இல்லை. ஹுன்லியில் வேண்டியவர் வீடு இருந்தவர்கள் அங்கே போனார்கள். நான் பையோடு ரோட்டில் நின்றேன். கோழிக்குஞ்சுப் பெட்டி வைத்திருந்த அக்கா, அவரை எல்லோரும் தீதி என்றுதான் கூப்பிட்டார்கள், "வா, என் சின்னம்மா வீடு இருக்கிறது" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு நடந்தார். பின்னாலேயே போனேன்.

இரண்டு இரவு அந்த வீட்டில் இருந்தேன்.

இந்த மலைகளின் பழங்குடிகளான இடு மிஷ்மிகளின் பழைய மாதிரி வீடு நீளமானது. தரையிலிருந்து உயர்த்திக் கட்டி, மூங்கில் பரப்பியது. நடக்கும்போது தரை லேசாக அமுங்கும். நடுவில் அடுப்பு. அடுப்புக்கு மேலே பரண் தொங்கும். அதில் விறகு, மக்காச்சோளம், இறைச்சி எல்லாம் புகையில் காயும். சுவரில் மிதுன் தலைகள் வரிசையாக. மிதுன் நம் காட்டெருமை மாதிரி இருக்கும், பாதி காட்டில் பாதி மனிதரோடு. கட்டி வளர்ப்பதில்லை. சொந்தக்காரர் உப்பை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்க் குரல் கொடுத்தால் வந்து கையை நக்கும். கல்யாணமோ சடங்கோ மிதுன் இல்லாமல் நடக்காது.

அப்படிப்பட்ட வீட்டுக்குள் சட்டென்று நுழையக்கூடாது என்று தீதிதான் எனக்குச் சொல்லித் தந்தார். சில சடங்குகளுக்குப் பிறகு, சாவுக்குப் பிறகு, சில நாட்களுக்கு வெளியாள் உள்ளே வரக்கூடாது. ஆகவே எந்த வீடானாலும் வெளியே நின்று கூப்பிட்டு, வரச்சொன்னால் மட்டும் போகவேண்டும். அடுப்பைச் சுற்றி எங்கே உட்காரவேண்டும் என்பதையும் அவர்கள் காட்டுவார்கள். போட்டோ எடுப்பது அதற்கும் அப்புறம். நான் முதல் நாள் போனை வெளியே எடுக்கவே இல்லை. இரண்டாம் நாள் அந்த வீட்டுப் பையனே வந்து "படம் எடுக்கலையா?" என்று கேட்டான்.

சாப்பாட்டு விஷயத்தில் எதிர்பாராத ஒன்று நடந்தது. நான் இறைச்சி சாப்பிடுகிறவள் இல்லை. அருணாச்சலத்தில் இதை எப்படிச் சமாளிப்பது என்று ஊரிலேயே கவலைப்பட்டுப் பருப்புப்பொடியும் அவலும் கட்டி எடுத்துப்போயிருந்தேன். தயங்கித் தயங்கிச் சொன்னேன். சின்னம்மா பாட்டிக்கு ஆச்சரியமே இல்லை. இடு பெண்கள் வழக்கப்படி மிதுன், பன்றி, மான் இறைச்சி எதுவும் தொடுவதில்லை. மீனும் பறவையும் எலியும் மட்டும் சாப்பிடலாம். ஆண்களுக்கு இறைச்சி வேறு சட்டியில் வேகிறது. பெண்களின் சட்டியில் அன்று சோறும், வேகவைத்த கடுகுக் கீரையும், மூங்கில் குருத்தும், நெருப்பில் சுட்டு அரைத்த மிளகாயும். "உங்கள் ஊர்ப் பெண்களும் சாப்பிட மாட்டார்களா?" என்று பாட்டி கேட்டார். சிலர் சாப்பிடுவார்கள், சிலர் மாட்டார்கள் என்றேன். பருப்புப்பொடியை ஒரு வாய் சோற்றில் பிசைந்து சாப்பிட்டுப் பார்த்து, இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டார்.

இரண்டாம் நாளும் மழை. பாட்டி தறியை எடுத்தார். எனக்குத் தெரிந்த தறி மரச்சட்டமும் மிதியும் உள்ளது. அப்பா குழித்தறியில் காலை ஆறு மணிக்கு இறங்கினால் மதியம்வரை அந்தக் குழியில்தான் கால். இங்கே சட்டமே இல்லை. பாவின், அதாவது நீளவாட்டு நூல்களின், ஒரு முனை சுவர்க் கம்பத்தில், மறுமுனை பாட்டியின் இடுப்பைச் சுற்றிய பட்டையில். பாட்டி பின்னால் சாய்ந்தால் பாவு விறைக்கிறது, முன்னால் குனிந்தால் தளர்கிறது. அவர் உடம்புதான் தறியின் பாதி. கறுப்பு நூல் பாவில், சிவப்பும் வெள்ளையும் விரலால் எடுத்து எடுத்துச் செருகி, நாம் புட்டா போடுகிற மாதிரி, வைர வடிவங்கள் வந்துகொண்டிருந்தன. வரைபடம் எதுவும் இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து இழைகளை எண்ணினேன்: மூன்று எடு, ஒன்று விடு, ஐந்து எடு. ஒரு வரிசையில் அவர் கை தொடுவதற்கு முன்னால் அடுத்த இழையை நான் விரலால் காட்டிவிட்டேன். பாட்டி நிறுத்தி என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். நான் என் போனில் அப்பா தறியில் இருக்கும் படத்தைக் காட்டினேன். அதற்குப் பிறகு எங்களுக்கு ஹிந்தி தேவைப்படவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது, நான் நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அனினி என்ற ஊரையே அன்று மாலைவரை மறந்துவிட்டேன்.

ஊரில் நிலைமை வேறு. தினமும் இரவு எட்டுக்குப் பேசுவேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன். நான் போன நாட்களில் ஹுன்லியில் என் போனுக்கு சிக்னல் ஒரு கோடுகூட வரவில்லை. இது என் இரண்டாவது தவறு, எல்லாவற்றிலும் பெரியதும் இதுதான். சொல்லியிருக்கவேண்டியது இப்படி: "ரோயிங்கிலிருந்து கிளம்பும்போது பேசுவேன். அதற்குப் பிறகு ஐந்து நாள் பேச்சு இல்லாவிட்டாலும் கவலைப்படாதே. ஆறாம் நாளும் பேசாவிட்டால் இந்த எண்ணைக் கூப்பிடு." அந்த எண்ணாக ரோயிங் சுமோ கவுன்டர் எண்ணைக் கொடுத்திருக்கலாம். யார் எந்த வண்டியில் போனார்கள், எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று முழுதாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

இரண்டாம் நாள் சாயங்காலம், கீழே திரும்புகிற லாரி ஒன்று இருப்பதாகத் தீதி சொன்னார். ஒரு சீட்டில் அம்மாவின் போன் எண்ணையும் என் பெயரையும் எழுதி, கவுன்டரில் கொடுக்கச் சொல்லி லாரிக்காரரிடம் தந்தேன். அவர் அதை மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை வானம் வெளுத்தது. மண்வாரி இயந்திரம் அந்தப் பக்கத்திலிருந்து வேலை செய்துகொண்டிருந்தது. வண்டி போகும் அளவுக்கு வழி இல்லை. ஆனால் ஆள் கடக்கலாம் என்றார்கள். அக்கரையில் அனினியிலிருந்து வந்த சுமோ நின்றது. அந்த வண்டி ஆட்கள் இங்கே, நாங்கள் அங்கே. மலைப்பாதைகளில் இது வழக்கம். மழை நின்ற உடனே கடக்கவில்லை. கல் உருளும் சத்தம் முழுதாக நின்று ஒரு மணி நேரம் ஆன பிறகுதான் முதல் ஆளை விட்டார்கள். ஒருவர் மேலே சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு நேரத்தில் ஒருவர்தான் போகவேண்டும். அவர் கத்தினால் எந்தப் பக்கம் ஓடுவது என்று கால் வைப்பதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளவேண்டும். பையின் இடுப்புப் பட்டையையும் நெஞ்சுப் பட்டையையும் கழற்றிவிடவேண்டும். விழுந்தால் பை நம்மை இழுத்துக்கொண்டு போகக்கூடாது. தீதி கோழிக்குஞ்சுப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் போனார். நாற்பது ஐம்பது அடி எடுத்து வைத்திருப்பேன். சேறு பூட்ஸை உறிஞ்சி உறிஞ்சி விட்டது. அக்கரையில் ஒரு கை நீண்டு வந்து பிடித்துக்கொண்டது. அது யாருடைய கை என்றுகூட நான் பார்க்கவில்லை.

எட்டாலினில் திரி ஆறும் தாங்கோன் ஆறும் சேர்கின்றன. அங்கிருந்து திரியை ஒட்டியே ஏற்றம். இருட்டின பிறகு அனினி வந்தோம்.

அனினியைப் பற்றி நீட்டி எழுத எனக்குத் தோன்றவில்லை. திரிக்கும் மாதுன் ஆற்றுக்கும் நடுவில் ஒரு மேட்டுச் சமவெளி; சுற்றி மலை; காலையில் அடுப்புப் புகை மேகத்தோடு கலந்து எது எது என்று தெரியாது. உள்ளூர்க்காரர் ஒருவரைக் கூலி பேசி அழைத்துக்கொண்டு மூன்று நாளும் ஆற்றோரக் கிராமங்களுக்கு நடந்தேன். மிபி என்ற இடத்தைப் பற்றிப் படித்திருந்தேன். 1913-இல் பெய்லி, மோர்ஸ்ஹெட் என்ற இரண்டு பிரிட்டிஷ் அதிகாரிகள் திபெத்தில் பிரம்மபுத்திராவுக்குப் பெயரான சாங்போ ஆற்றின் போக்கைத் தேடித் திபெத்துக்குக் கிளம்பியது அங்கிருந்துதான். அந்தத் திசையில் மேகம் விலகிய பத்து நிமிடத்தில் தெரிந்த பனிமலையைப் பார்த்துக்கொண்டு, இந்த மழையில், இந்தக் காட்டில், ரோடும் இல்லாமல் அவர்களும் அவர்களுக்குச் சுமை தூக்கியவர்களும் எப்படி நடந்தார்கள் என்று நினைத்தேன். சுமை தூக்கியவர்களின் பெயர்களைத்தான் நமக்கு யாரும் சொல்வதில்லை.

கூட உள்ளூர் ஆள் கட்டாயம் வேண்டும். வழி தெரியும் என்பது மட்டுமில்லை, காட்டில் வேட்டைப் பொறிகள் இருக்கும், நம் கண்ணுக்குத் தெரியாது. எல்லை பக்கம் என்பதால் எங்கே படம் எடுக்கலாம், எங்கே கூடாது என்பதும் அவருக்குத் தெரியும். ஆற்றின் மேல் கம்பியும் மூங்கிலும் வைத்துக் கட்டிய தொங்குபாலங்களில் அவர் என்னை விட்டு முழுதாகக் கடந்து, பாலத்தின் ஆட்டம் நின்ற பிறகு கை காட்டுவார், அப்புறம்தான் நான். மூங்கிலை மிதிக்கும்போது அடியில் குறுக்குக் கம்பி இருக்கும் இடமாகப் பார்த்துக் கால் வைக்கச் சொன்னார். ஆறு கீழே வெள்ளையாக ஓடியது, நான் பார்க்கவில்லை.

அவரிடம் புலியைப் பற்றிக் கேட்டேன். இந்த மாவட்டத்தில் 3,600 மீட்டருக்கு மேல், பனிக்குள், புலி நடமாடியதை ஆய்வாளர்களின் கேமரா பதிவு செய்திருக்கிறது. 2018-இல் அது செய்தியானது. அவர் நடந்துகொண்டே, புலியும் இடுவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்றார். புலியைக் கொல்வது அண்ணனைக் கொல்வது மாதிரி. கொன்றுவிட்டால் மனிதனுக்குச் செய்கிற அளவுக்குச் சடங்கு செய்யவேண்டும். ஹூலக் கிப்பன் என்ற வாலில்லாக் குரங்கையும் தொடமாட்டார்களாம். அதிகாலையில் அந்தக் குரங்குகள் கூவும் சத்தத்தை ரோயிங் பக்கத்தில் திரும்பும்போது கேட்டேன். ஊரே கூடிக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

அட்டையைவிட எனக்குத் தொல்லை கொடுத்தது, அங்கே டிம்-டாம் என்று சொல்கிற பொடி ஈ. கடிக்கும்போது தெரியாது, அப்புறம் சிவப்பாக ஒரு ரத்தப்புள்ளி, ஒரு வாரம் அரிப்பு. முழுக்கைச் சட்டையும், மணிக்கட்டில் இறுக்கமும் அவசியம். அடிவாரத்தில் மலேரியாவும் உண்டு. கொசுவலை எடுத்துப்போங்கள், கிளம்புவதற்கு முன் டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

இப்போது மூன்றாவது தவறு. 15 நாளில் ரயிலுக்கு மட்டும் ஆறு நாள். மீதியில் அனினிக்கு நான்கு நாள் என்று ஒதுக்கி, திரும்பும் டிக்கெட்டை ஊரிலேயே போட்டிருந்தேன். அந்த ரயில் அப்போது தினமும் கிடையாது. ஹுன்லியில் இரண்டு நாள் போனபோது, அதை அனினிக்கு ஒதுக்கிய நாட்களிலிருந்து குறைத்திருக்கவேண்டும். நான் ஒரே ஒரு நாளைத்தான் குறைத்தேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டு எப்படி விடுவது என்ற நினைப்புதான் காரணம். கீழே இறங்கவேண்டிய நாள் காலையில் கவுன்டருக்குப் போனால், ராத்திரி பெய்த மழையில் வண்டி இல்லை என்றார்கள். ஒரே நாள்தான் தாமதம். ரயில் போய்விட்டது. பிறகு கௌஹாத்தி போய், தட்கலில் சென்னைக்கு டிக்கெட் எடுத்து, ஊர் வந்து சேர்ந்தபோது மூன்று நாள் சம்பளம் பிடித்திருந்தார்கள்.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்ட கணக்கு ஒன்று உண்டு. இப்போது எங்கே போனாலும் அப்படித்தான் போடுகிறேன். உபரி நாட்களைப் போய்ச் சேருகிற இடத்தில் வைக்கக்கூடாது. அடைபடக்கூடிய கணவாய்க்கு இப்பக்கம், நாம் திரும்பி வரும் பக்கத்தில் வைக்கவேண்டும். அனினிக்கு முதலில் போய்விட்டு, சீக்கிரம் இறங்கி, மீதி நாட்களை ரோயிங்கில் கழிக்கலாம். வழி அடைபட்டால் ரோயிங் நாட்கள் கரையும், ரயில் தப்பாது. அடைபடாவிட்டால் ரோயிங்கில் பார்க்க எவ்வளவோ இருக்கிறது. மழைக்கு முன்னால் என்று மார்ச் மாதத்தைத் தேர்ந்தெடுத்ததும் அரைகுறைத் தகவல்தான். அந்தப் பக்கம் மழை நம் பருவமழைக்காகக் காத்திருப்பதில்லை, மார்ச்சிலேயே தொடங்கிவிடுகிறது. அடுத்த முறை அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ போவேன்.

இறங்கும்போது ஹுன்லியில் வண்டியைப் பத்து நிமிடம் நிறுத்தச் சொன்னேன். முதல் முறை பணம் கொடுத்தபோது பாட்டி வாங்கவில்லை. தீதியிடம் கேட்டதற்கு, "பணம் தராதே, வீட்டுக்கு என்ன வேண்டுமோ அதைக் கொடு" என்றார். அனினியிலேயே உப்பும் சர்க்கரையும் தேயிலையும் வாங்கி வைத்திருந்தேன். கூடவே நான் போர்த்திக்கொண்டிருந்த சென்னிமலைப் போர்வையையும் துவைத்து மடித்துக் கொடுத்தேன். பாட்டி உப்பை உள்ளே வைக்கச் சொல்லிவிட்டு, போர்வையின் கரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இழை இழையாக விரலால் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் ஹாரன் அடித்தார்.

ரோயிங் கவுன்டரில் அதே ஆள். சீட்டு வந்ததா என்று கேட்டேன். மேஜைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டினார். மழையில் நனைந்து மை கலைந்திருந்தது, எண்கள் தெரிந்தன. அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு ஹிந்தி தெரியாது. என் பெயரை இரண்டு முறை சொல்லி, "ஹுன்லி, பாரிஷ், ஓகே, ஓகே" என்றாராம்; பாரிஷ் என்றால் ஹிந்தியில் மழை. அம்மா திரும்ப "ஓகேவா?" என்று கேட்க, "ஓகே, ஓகே" என்று சொல்லி வைத்திருக்கிறார். அதற்கு அடுத்த நாள் மாலையிலும், நான் அனினி போய்ச் சேர்ந்த தகவல் டிரைவர் மூலம் வந்தவுடன், மறுபடி கூப்பிட்டிருக்கிறார். போனுக்கு ஆன காசைக் கேட்டேன். கையை ஆட்டிவிட்டு, அடுத்து நின்றவரிடம் "எங்கே?" என்றார்.

"அனினி" என்றார் அவர்.

"மழை விட்டால் சாயங்காலம்" என்று சொல்லிக்கொண்டே டிக்கெட் எழுத ஆரம்பித்தார்.